கண்மாய்க்கு மறுபடியும் நீர்ப்பாய்ச்சி வைக்கணுமா, ஆளுக்கொரு போர்வெல் போதுமா?

மேலமடை_பையன்:

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள். சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன், அப்பா அம்மா ஊரில் இருக்கிறார்கள். கண்மாய்ப் பாசனத்தில் நாலு ஏக்கர் வயல், அதிலேயே 2012-ல் போட்ட 320 அடி போர் ஒன்று. இந்தப் பொங்கலுக்குப் போயிருந்தபோது சாவடியில் கூட்டம் போட்டார்கள். கண்மாய் இந்த வருஷம் நன்றாகப் பெருகியும் கடைமடை வயல்கள் கருகிவிட்டன. காரணம் எல்லாருக்கும் தெரியும். மடைக்குப் பக்கத்தில் இருக்கிறவன் ராத்திரியோடு ராத்திரியாக ஷட்டரை ஏற்றிவிடுகிறான், காலையில் பார்த்தால் தண்ணீர் அவன் வயலைத் தாண்டி ஓடையில் போய்க்கொண்டிருக்கிறது. கேட்டால் சண்டை.

பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து சொன்ன தீர்வு, பழையபடி ஒரு நீர்ப்பாய்ச்சியை, அதாவது மடையைத் திறந்து அடைத்து எல்லா வயலுக்கும் தண்ணீரைப் பங்கிட்டு விடுகிற ஆளை, வைப்போம் என்பது. கடைசியாக இருந்தவர் இறந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, மகன் திருப்பூரில் இருக்கிறார். "அவனைக் கூப்பிட்டுப் பாருங்கப்பா, அவங்க பரம்பரையா பார்த்த வேலைதானே" என்று ஒருத்தர் சொல்ல, எல்லாரும் தலையாட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் வாதாடினேன். காலம் மாறிவிட்டது, கண்மாயை நம்புவதை விட்டுவிட்டு ஆளுக்கொரு போர், அதோடு சொட்டுநீர் என்று போய்விடலாமே என்றேன். அப்பா கோபப்படவில்லை, மறுநாள் விடிகாலையில் என்னைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மடைத்தூணில் வரிவரியாகச் செதுக்கியிருக்கும் கோடுகளைக் காட்டி, தண்ணீர் இந்தக் கோட்டில் நின்றால் ஆயக்கட்டு (கண்மாய்த் தண்ணீர் பாயும் வயல்கள்) முழுக்க நடலாம், இதற்குக் கீழே போனால் மேல் பாதி மட்டும், இதற்கும் கீழே என்றால் யாரும் நடக்கூடாது, மிச்சம் ஆடு மாட்டுக்கு, அதைச் சொல்லுவது நீர்ப்பாய்ச்சி, ஊர்த் தலைவரான அம்பலமே ஆனாலும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றார். எனக்கு இதெல்லாம் நாற்பது வயதில்தான் தெரிய வருகிறது என்பது வெட்கமாகத்தான் இருந்தது.

ஆனாலும் சந்தேகம் போகவில்லை. அந்த முறை அவ்வளவு நல்லதென்றால் ஏன் விட்டுப்போனது? வேறு ஊர்களில் என்ன செய்கிறீர்கள்? அந்தக் காலம் பொற்காலம், இந்தக் காலம் கலிகாலம் என்கிற பாட்டு மட்டும் வேண்டாம், அது வீட்டு வாட்ஸப் குழுவிலேயே தினமும் வருகிறது.

மண்வாசம்:

தம்பி, பாட்டு வேண்டாம் என்றாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெள்ளத்தில் மூழ்கி, உயிரைப் பணயம் வைத்து மடை திறந்தவர்களுக்கு மடையர் என்று பெயர். அந்தத் தியாகிகளின் பெயரைத்தான் இன்று முட்டாளுக்கு வைத்துத் திட்டிக்கொண்டிருக்கிறோம். நம் முன்னோர் விஞ்ஞானிகள். ஒரு போர்க்குழிகூட இல்லாமல் ஆயிரம் வருஷம் வாழ்ந்தார்கள். நாம் முப்பது வருஷத்தில் பூமியைச் சல்லடை ஆக்கிவிட்டோம்.

ஏழு_ஏக்கர்:

மேலமடைத் தம்பிக்கு. நானும் உங்களை மாதிரி போர் கட்சிதான், அதாவது இருந்தேன். எங்களுக்கு ஏழு ஏக்கர், இதுவரை மூன்று போர். முதல் போர் 180 அடியில் நல்ல தண்ணீர், அது 1998-ல். பிறகு பக்கத்து வயல்காரர் 250 போட்டார், எங்களுடையது காற்று வாங்க ஆரம்பித்தது. நான் 400 போட்டேன். அவர் சும்மா இருப்பாரா? மூன்றாவது 650 அடி போய்ப் புகை வந்தது, தண்ணீர் வரவில்லை. அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டு நின்ற ராத்திரியை நான் மறக்க மாட்டேன். ரிக் வண்டிக்காரன் அடி கணக்கைப் போட்டுக் காசை வாங்கிக்கொண்டு விடிவதற்குள் கிளம்பிவிட்டான், குழி மட்டும் என்னிடம் இருக்கிறது.

நீங்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. உங்கள் போரில் வருகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? கண்மாய் பெருகி நின்றால்தான் ஆயக்கட்டில் உள்ள கிணறும் போரும் ஊறும். இரண்டு வருஷம் கண்மாய் காயட்டும், உங்கள் 320 அடி என்ன ஆகிறது என்று பாருங்கள். கண்மாயா போரா என்பது, அண்டாவா செம்பா என்று கேட்கிற மாதிரி. செம்பால் மொள்ளுவது அண்டாவில் இருந்துதான்.

ஏன் விட்டுப்போனது என்று கேட்டீர்களே, நான் பார்த்ததைச் சொல்கிறேன். 1990-ல் பம்பு செட்டுக்கு எல்லா விவசாயிக்கும் மின்சாரம் இலவசம் ஆனது. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன், அது இல்லையென்றால் எங்கள் அப்பா எப்போதோ நிலத்தை விற்றிருப்பார். ஆனால் மோட்டார் வைத்தவனுக்குக் கண்மாய் தேவையில்லை என்கிற எண்ணம் வந்துவிட்டது. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் வெட்டப் போகும்போது வீட்டுக்கு ஒரு ஆள் வர வேண்டும் என்பது ஊர்க்கட்டு. முதலில் வராமல் நின்றவர்கள் பெரிய விவசாயிகள், ஏனென்றால் முதலில் போர் போட்டவர்கள் அவர்கள்தான். பெரியவன் வராத வேலைக்குச் சின்னவன் எதற்கு வருவான்? கால் தூர்ந்தது, சீமைக்கருவேலம் ஏறியது, அப்புறம் கண்மாய் பெருகவில்லை, பெருகாததால் மிச்சம் இருந்தவனும் போர் போட்டான். எங்கள் ஊர்க் கதை அவ்வளவுதான், உங்கள் ஊரில் வேறாக இருந்தால் ஆச்சரியப்படுவேன்.

வடக்குத்தெரு:

நான் இந்தத் தளத்தில் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. "பரம்பரையா பார்த்த வேலைதானே" என்ற வரியைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

என் தாத்தா நீர்ப்பாய்ச்சி. அவருடைய அப்பாவும். எங்களுக்குக் கண்மாயில் ஒரு குழி நிலம் கிடையாது. மடையைத் திறக்கிறவனுக்குச் சொந்த வயல் இருந்தால் தண்ணீர் அவன் வயலுக்குத்தான் முதலில் போகும், அதனால் நிலமே இல்லாதவனிடம் கம்பைக் கொடுத்துவிடு. நல்ல ஏற்பாடுதான், ஊருக்கு. நிலமில்லாதவனாக எப்போதும் அதே தெருக்காரனே இருந்தான் என்பதை மட்டும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

வேலையைச் சொல்கிறேன், ஏனென்றால் நிறையப் பேர் ஷட்டர் திருகுவதுதான் வேலை என்று நினைக்கிறார்கள். புரட்டாசியில் மழைக்கு முன்னால் கரை முழுக்க நடந்து பார்ப்பது. ஐப்பசி கார்த்திகையில் ராத்திரி தூக்கம் கிடையாது, உபரி நீர் வழியும் கலுங்கில் தண்ணீர் எவ்வளவு போகிறது, கரை எங்கே கசிகிறது என்று அரிக்கேன் விளக்கோடு சுற்ற வேண்டும். நண்டு வளை ஒன்று போதும், விடிவதற்குள் அது ஆள் நுழைகிற அளவுக்கு அறுத்துவிடும். வைக்கோலைப் பிரியாகத் திரித்து, களிமண்ணில் புரட்டி, வளைக்குள் கம்பால் இடித்து, மேலே குதிகாலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். அதற்கப்புறம் மார்கழியில் இருந்து வயல் வயலாகத் தண்ணீர் கட்டுவது, யாருக்கு எத்தனை நாழிகை என்று மனக்கணக்கு. எங்கள் தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் எந்த வயலில் எத்தனை வரப்பு உடைப்பு இருக்கிறது என்பது தெரியும்.

கூலி என்ன தெரியுமா? அறுப்பு முடிந்ததும் ஏக்கருக்கு ஒரு மரக்கால் நெல், ஒரு கதிர்க்கட்டு. களத்தில் அதை வாங்கத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கட்டை எடுத்துக்கொடுக்கிறவர் எந்தக் கட்டை எடுப்பார் என்று உங்களுக்கே தெரியும். விளையாத வருஷம் ஒன்றும் கிடையாது, அவர் தூங்காத ராத்திரி என்னவோ அதேதான். இது போக ஊரில் சாவு விழுந்தால் பக்கத்து ஊர்களுக்குச் சேதி சொல்லப் போவதும் அவர்தான், அதற்குத் தனிக் கூலி இல்லை. மானியமாக அரை ஏக்கர் இருந்தது என்பார்கள் வீட்டில், பட்டாவைத் தேடிப் போனபோது அது வேறு யாரோ பெயரில் இருந்தது.

மேலமடை அண்ணன் அப்பா சொன்னாரே, அம்பலமே ஆனாலும் நீர்ப்பாய்ச்சி சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று. அது உண்மை, மடை மேல் நிற்கிற வரைக்கும் உண்மை. மடையை விட்டு இறங்கினால் அதே அம்பலத்தின் பேரன் அவரைப் பெயர் சொல்லி வாடா போடா என்று கூப்பிடுவான், அப்போது தாத்தாவுக்கு அறுபது வயது. மடைக்கருப்பர் கோயிலில் அவர் கொண்டுபோன தேங்காயை உடைத்துத்தான் மடை திறப்பார்கள். கோயில் திண்ணையில் அவர் உட்கார முடியாது.

என் அப்பா அந்தக் கம்பைத் தொடவில்லை. பத்தாவது முடித்ததும் ஊரைவிட்டுப் போய் டிரைவர் வேலையில் சேர்ந்தார். அதற்காக தாத்தாவும் அவரும் இரண்டு வருஷம் பேசிக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், தாத்தாவுக்கு அந்தக் கண்மாய் மேல் அப்படியொரு பிடிப்பு. சாகக் கிடந்தபோதும் மழை பெய்தால் கலுங்கைப் பற்றித்தான் கேட்டார்.

நீர்ப்பாய்ச்சி வைக்கலாமா என்றால், தாராளமாக வையுங்கள். ஆனால் "பழையபடி" என்ற வார்த்தையை எடுத்துவிடுங்கள். மாதச் சம்பளம், விளைந்தாலும் விளையாவிட்டாலும். எந்தத் தெருவில் இருந்தும் ஆள் வரலாம். ஷட்டர் சாவி ஒன்றுதான், அது அவரிடம்தான். இதற்கு உங்கள் தெருவில் இருந்து யாராவது வருவார்களா என்று கூட்டத்தில் ஒருமுறை கேட்டுப் பாருங்களேன்.

ஓய்வு_பொறியாளர்:

வடக்குத்தெரு எழுதியதற்குப் பிறகு எழுதத் தயக்கமாக இருக்கிறது. பாசனப் பிரிவில் முப்பது வருஷம் இருந்தவன் என்ற முறையில் சில விவரங்கள் மட்டும்.

தமிழ்நாட்டில் கணக்கில் உள்ள ஏரி கண்மாய்கள் 39,202. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியம். ஒன்றியக் கண்மாய்கள்தான் எண்ணிக்கையில் அதிகம், பணம் கடைசியாக வந்து சேருவதும் அவற்றுக்குத்தான்.

குடிமராமத்து, அதாவது ஊராரே கண்மாயைப் பராமரிக்கும் பழைய முறை, என்றதும் ஊரே கூடிச் சிரித்துக்கொண்டே மண்வெட்டி எடுத்தது போல எழுதுகிறார்கள். அப்படித் தானாக நடந்திருந்தால் 1858-ல் கட்டாய உழைப்புச் சட்டம் எதற்கு வந்தது? வராதவனிடம் பணமாக வசூலிக்க அந்தச் சட்டத்தில் வழி இருந்தது, அதையும் ஒழுங்காக அமல் செய்ய முடியவில்லை. அதற்கு முன்பும் நிலக்காரர் வீட்டில் இருந்து மண்வெட்டியோடு வந்தது பெரும்பாலும் நிலக்காரர் இல்லை, அவர் வீட்டுப் பண்ணையாள்.

உத்திரமேரூரையும் யாராவது இழுப்பார்கள் என்பதால் முந்திக்கொள்கிறேன். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, 919, 921. குடவோலை போட்டு ஏரி வாரியத்துக்கு ஆள் எடுத்தார்கள், கணக்குக் காட்டாதவன் திரும்ப நிற்க முடியாது, எல்லாம் உண்மை, படித்தால் இன்றைக்கும் பொறாமையாக இருக்கும். குடத்தில் ஓலை போட வேண்டுமென்றால் என்ன தகுதி என்பதையும் அதே சுவரில் எழுதியிருக்கிறார்கள். கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35-க்கு மேல் 70-க்குள் வயது, வேதம் தெரிந்திருக்க வேண்டும். மடையைத் திறந்தவனுடைய ஓலை அந்தக் குடத்துக்குள் போகவே போகாது.

அதற்காகப் பழையவர்களின் தொழில்நுட்பத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. பழைய கல் மடையான குமிழித் தூம்பில் நீரோடித் துளை மேலே, சேறோடித் துளை கீழே. தண்ணீர் போகும்போதே அடியில் உள்ள வண்டலையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விடும், வயலுக்கு உரம், கண்மாய்க்குத் தூர் குறைவு. நாங்கள் அதை அடைத்துவிட்டு ஷட்டர் வைத்தோம். ஷட்டர் வசதிதான், மூச்சடக்கி முங்கி எழுந்து கல்லை உருவ வேண்டியதில்லை, ஆள் சாவதில்லை. வண்டல் மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. அதை அள்ளத்தான் இப்போது தனித் திட்டம் போடுகிறோம்.

2000-ல் விவசாயிகளே பாசனத்தை நிர்வகிக்கச் சட்டம் வந்தது, 2017-ல் குடிமராமத்து என்ற பெயரிலேயே அரசுத் திட்டம் வந்தது, பத்தில் ஒரு பங்கு பயனாளிகள் போட வேண்டும் என்று. நல்லபடி நடந்த ஊர்களும் உண்டு. நான் பார்த்த ஒன்றில் அந்தப் பத்தில் ஒரு பங்கை ஒப்பந்தக்காரரே போட்டுவிட்டார், மண்ணை எங்கே கொண்டுபோனார் என்று யாரும் கேட்கவில்லை.

மண்வாசம் ஐயாவுக்கு ஒன்று. மடமையில் இருந்து வந்த மடையன் வேறு, மடையைத் திறப்பவன் வேறு. பழைய நூல்களில் சமையல்காரனும் மடையன்தான், மடைப்பள்ளி என்ற சொல் இன்னும் கோயிலில் இருக்கிறது. யாரையும் அவமானப்படுத்தச் சொல்லைத் திருப்பிவிடவில்லை. அவமானம் வேறு இடத்தில் நடந்திருக்கிறது, மேலே எழுதியிருக்கிறார் பாருங்கள்.

நடவுக்காரி:

ஆம்பளைகள் எல்லாரும் முடித்துவிட்டீர்களா? சரி.

என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில். மூன்று ஏக்கரை நான்தான் பார்க்கிறேன். பட்டா மாமனார் பெயரில் இருப்பதால் தண்ணீர்க் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடுவதில்லை, உடம்பு முடியாத மாமனாரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் உட்கார வைக்கிறார்கள். முறைத் தண்ணீர் இருந்த காலத்தில் நம் முறை ராத்திரி இரண்டு மணிக்கு வரும். என் மாமியார் அந்த நேரத்துக்குத் தனியாகப் போக முடியாது, போனாலும் பேச்சு வரும், அதனால் கொழுந்தனாரைக் கெஞ்ச வேண்டும், அவர் தூங்கிப்போனால் அந்த முறை போச்சு. அடுத்த முறை வருவதற்குள் பயிர் வாடிவிடும். இது உங்கள் நல்ல காலத்தில் நடந்ததுதான்.

இப்போது போரில் செல்போன் ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கிறேன். த்ரீ ஃபேஸ் எப்போது வந்தாலும் போனில் தெரியும், படுத்துக்கொண்டே மோட்டாரைப் போடுகிறேன். யாரையும் கெஞ்சவில்லை. எனக்குப் போர் என்றால் அதுதான். அதை விட்டுவிட்டு வா என்றால் வர மாட்டேன்.

ஆனால் ஏழு ஏக்கர் அண்ணன் சொன்ன அண்டாக் கணக்கு எனக்கும் புரிகிறது, போன கோடையில் மோட்டார் அரை மணிக்கு மேல் ஓடவில்லை. சம்பளத்துக்கு ஒரு ஆள் வைத்து, ராத்திரித் தண்ணீரை அவரே என் வயலுக்குக் கட்டிவிடுவார் என்றால் முதல் ஆளாக நான் பணம் தருகிறேன். கூட்டத்தில் எனக்கும் நாற்காலி போட வேண்டும்.

மட்டுநகரான்:

இலங்கையில் இருந்து ஒரு தகவல். எங்கட மட்டக்களப்புப் பக்கம் இந்த வேலைக்கு வட்டை விதானை என்று பெயர். 1958 நெற்காணிச் சட்டம் பழைய விதானை முறையை எடுத்துவிட்டு, பயிர்ச்செய்கைக் குழுக்களைக் கொண்டுவந்தது. ஆனாலும் வயலில் ஒருவர் நின்று பார்க்க வேண்டுமே, அதனால் இன்றும் விவசாயிகள் தாங்களே ஒருவரைத் தெரிந்து வைத்துக்கொள்கிறார்கள், ஏக்கர் கணக்கில் நெல்லோ காசோ கொடுக்கிறார்கள். வித்தியாசம் என்னவென்றால் எங்கட விதானை பெரும்பாலும் வயல்காரரே, ஊரில் மதிப்பான ஆள். அதனால் அவர் தன் பக்கத்துக்குக் கொஞ்சம் கூடத் தண்ணீர் விடுகிறார் என்ற குற்றச்சாட்டும் போகத்துக்கு ஒருமுறை வரும்! வடக்குத்தெரு சொன்ன நியாயம் அப்போது விளங்கவில்லை, இப்போது விளங்குகிறது.

விதைப்புக்கு முன் அதிகாரிகளோடு ஆரம்பக் கூட்டம் நடக்கும். எப்போது தண்ணீர் திறப்பது, எந்தத் தேதிக்குள் விதைத்து முடிப்பது, மாடுகளை எப்போது வயலைவிட்டு வெளியேற்றுவது எல்லாம் அங்கே முடிவாகும். சிறுபோகத்தில் குளத்தில் தண்ணீர் குறைவென்றால் கொஞ்சக் காணியை மட்டும் விதைப்பது. உங்கட மடைத்தூண் கோடு மாதிரித்தான்.

மேலமடை_பையன்:

எல்லாருக்கும் நன்றி. வடக்குத்தெரு எழுதியதை அப்பாவுக்குப் போனில் படித்துக்காட்டினேன். நடுவில் ஒன்றும் பேசவில்லை. முடித்ததும், "கட்டு எடுத்துக்கொடுக்கிற வேலை நம்ம வீட்டுல நான்தான் பார்ப்பேன்" என்றார். அப்புறம் மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று போனை வைத்துவிட்டார். எந்தக் கட்டை எடுப்பார் என்று நான் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார், கணக்கோடு. எங்கள் ஆயக்கட்டு 96 ஏக்கர். மாதம் 12,000 என்று புரட்டாசியில் இருந்து மாசி வரை ஆறு மாதத்துக்கு 72,000, ஏக்கருக்கு 750 வருகிறது. போர் வைத்திருக்கிறவர்களும் கட்ட வேண்டும், அவர்கள் போரில் ஊறுவதும் கண்மாய்த் தண்ணீர்தான் என்று ஏழு ஏக்கர் அண்ணன் சொன்ன அண்டாவையே அப்பா கூட்டத்தில் தன் உவமை மாதிரிச் சொல்லியிருக்கிறார். நாலு பேர் முடியாது என்று எழுந்து போய்விட்டார்களாம், அதில் இரண்டு பேர் எங்கள் பங்காளிகள். எந்தத் தெருவில் இருந்தும் ஆள் வரலாம் என்றதற்கு ஒரே சிரிப்பு, எங்கள் தெருவில் இருந்து இதுவரை யாரும் பெயர் கொடுக்கவில்லை. திருப்பூர்க்காரர் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார், நியாயம்தான். நான் போரை மூடப்போவதில்லை, அதையும் அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

வடக்குத்தெரு, ஒரு சந்தேகம். யார் வந்தாலும் கரைக் கசிவைக் கண்டுபிடிக்க ஒருத்தர் சொல்லிக்கொடுக்க வேண்டும், எங்கள் ஊரில் அது தெரிந்த ஆள் இப்போது இல்லை. ராத்திரியில் உங்கள் தாத்தா எப்படிக் கண்டுபிடிப்பார்?

வடக்குத்தெரு:

கரையின் வெளிப்பக்கம், அடியை ஒட்டி வெறும் காலோடு நடக்க வேண்டும். மழை ஈரம் வேறு மாதிரி இருக்கும், கசிவு ஈரம் வேறு மாதிரி, கசிவு கொஞ்சம் சில்லென்று கொழகொழப்பாக இருக்கும், உள்ளங்காலுக்குத் தெரியும் என்பார். செருப்புப் போட்டால் தெரியாது. தாத்தா செருப்புப் போடாததற்கு அது மட்டும் காரணமில்லை, அது வேறு கதை. கசிகிற தண்ணீரைக் கையில் ஏந்தி விளக்கில் பார்க்க வேண்டும், தெளிவாக இருந்தால் காலை வரை தாங்கும், கலங்கி மண்ணோடு வந்தால் உடனே ஆட்களை எழுப்பணும்.

இதற்கு மேல் எனக்குத் தெரியாது. அப்பா சின்ன வயதில் கூடவே போயிருக்கிறார், கம்பைத் தொடவில்லையே தவிர எல்லாம் தெரியும். அடுத்த கூட்டம் என்றைக்கு என்று சொல்லுங்கள், கேட்டுப் பார்க்கிறேன். வருவார் என்று உறுதி சொல்ல மாட்டேன்.